குற்றச்சாட்டு என்னும் வாக்கியம்

மனிதனைப் பார்த்து மனிதன் கூறும் சொற்களுள் மிகவும் கனமானது ‘நீ குற்றம் செய்தாய்’ என்பதே ஆகும். அச்சொல்லைக் கேட்டவன் பின்னர் விடுதலை பெற்று வீடு திரும்பினும் பழைய மனிதனாகத் திரும்புவதில்லை. ஊர் அவனை வேறு கண்ணால் பார்க்கின்றது. உறவும் ஓரடி விலகி நிற்கின்றது. ஆதலின், அச்சொல்லை யார் சொல்லலாம், எப்பொழுது சொல்லலாம், எம்முறையில் சொல்லலாம் என்பவற்றுக்கெல்லாம் நாகரிகம் பெற்ற சமுதாயங்கள் வரம்பு கட்டி வைத்துள்ளன.

தமிழில் பழி என்றொரு சொல் உண்டு; குற்றச்சாட்டு என்று மற்றொரு சொல்லும் உண்டு. ஒன்றுபோல் தோன்றினும் இரண்டும் ஒன்றல்ல. பழிக்கு முகவரி கிடையாது. அது லயத்துக் குழாயடியில் தொடங்கும். பால் நிறுக்கும் கொட்டகையைச் சுற்றி வரும். மாலைக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடும். தொடங்கியவர் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவர். குற்றச்சாட்டோ எழுத்தில் அமைவது. அதற்கு நாளும் இடமும் உண்டு. அதற்குப் பொறுப்பேற்பவரும் உண்டு. பழிக்கு விடை கூற மன்றம் இல்லை. குற்றச்சாட்டுக்கு விடை கூற மன்றம் உண்டு. இந்த வேறுபாட்டை நம்மவர் நன்கு உணர்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சட்டம் பயின்றவனல்லன். பேராக்கின் தோட்டப்புறப் பள்ளிகளில் முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்தவன். முன்னாள் மாணாக்கரின் பெற்றோர் துணைக்கு அழைத்தமையால் நீதிமன்ற வாயிலில் பலமுறை நிற்க நேர்ந்தது. அங்குக் கண்டவையும், கண்டவற்றைப் புரிந்துகொள்ளும்பொருட்டுப் படித்தறிந்தவையுமே என் கைப்பொருள்.

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கொலைக்களக் காதையில் என் மனம் தயங்கி நிற்கும். கோவலன் செய்த பிழைகள் பல. ஆயினும் சிலம்பு திருடியது அவற்றுள் ஒன்றன்று. பொற்கொல்லன் அரசனிடம் ஒரு செய்தி கூறுகின்றான். அரசியின் ஊடல் தீர்க்கும் விரைவில் இருந்த அரசன், கள்வன் கையில் சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என ஆணையிடுகின்றான். கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுறுகின்றனர். அப்பொழுது பொற்கொல்லன் செய்வது யாது? கோவலன் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னவாறு திருடினான் என்று அவன் கூறவில்லை. கள்வர் என்போர் யாவர், அவர் கைக்கொள்ளும் மந்திரம், மருந்து, தந்திரம் முதலியன எத்தகையவை என்று நீண்டதொரு விரிவுரை நிகழ்த்துகின்றான். ஒருவனைப் பற்றிக் கூறவேண்டிய இடத்தில் ஒரு வகையைப் பற்றிக் கூறுகின்றான். அவ்விரிவுரைக்குப் பின் கல்லாத காவலன் ஒருவனின் வாள் இறங்கிவிடுகின்றது.

‘உன்மீது சாட்டப்படுவது இது, உன் விடை யாது?’ என்று கோவலனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பின், தன் மனைவியின் சிலம்பு என்று அவன் கூறியிருப்பான். உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் சோதனை அன்றே நிகழ்ந்திருக்கும். கண்ணகி வந்து அச்சோதனையை நிகழ்த்தினாள். ஆனால் தண்டனை முன்னும் விசாரணை பின்னுமாக அது அமைந்தது. மதுரை எரிந்ததற்குக் காரணம் அரசன் கொடியவனாயிருந்தது அன்று. முறை தலைகீழானதே ஆகும்.

இதற்கு நேர்மாறான மன்றத்தைப் பெரியபுராணத்தில் காண்கின்றோம். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தம் அடிமை என்று உரிமை கொண்டாடி வருகின்றார் ஒரு முதியவர். அவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தெறிகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அவையினர் வெறும் சொல்லை ஏற்கவில்லை. அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி ஆகியவற்றுள் எதனால் மெய்ப்பிப்பீர் என வினவுகின்றனர். கிழிந்தது படி, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கின்றார் முதியவர். சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவை தீர்ப்புரைக்கின்றது. அது உரிமை வழக்கு, குற்ற வழக்கன்று. எனினும், வழக்குத் தொடுப்பவர் இறைவனே ஆயினும் சான்று காட்டியாக வேண்டும் என்ற உறுதியை அங்குக் காண்கின்றோம். பாண்டியன் அவையில் இல்லாதது வெண்ணெய்நல்லூர் அவையில் இருந்தது.

இனி, பழியைக் குற்றச்சாட்டாக மாற்றும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு உலகம் பல விடைகளைக் கண்டுள்ளது. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி மன்னன் 1166இல் கிளாரண்டன் என்னும் இடத்தில் பிறப்பித்த ஆணை, வட்டாரந்தோறும் பன்னிரு நல்லோர் ஆணையிட்டுத் தம் பகுதியில் குற்றம் செய்தார் என ஐயுறப்படுவோரை அறிவித்தல் வேண்டும் என்றது. கிராண்ட் ஜூரி எனப்படும் பெருநடுவர் குழு அதிலிருந்து வளர்ந்தது. அக்குழுவினர் ஒருவன் குற்றவாளியா அல்லனா என்று முடிவு செய்வதில்லை. அவனை மன்றத்தில் நிறுத்துதற்குப் போதிய காரணம் உண்டா என்பதை மட்டுமே ஆராய்வர்.

அமெரிக்கா இம்முறையைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. 1791இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் திருத்தத்தின்படி, கூட்டரசு நீதிமன்றத்தில் கடுங்குற்றம் சாட்டப்பட வேண்டுமாயின் பெருநடுவர் குழு ஒப்புதல் அளித்தல் வேண்டும். குழுவில் 16 முதல் 23 பேர் வரை இருப்பர். குறைந்தது 12 பேர் இசைந்தாலன்றிக் குற்றச்சாட்டு எழாது. கூட்டம் மறைவாக நடைபெறும். குற்றஞ்சாட்டப்படவிருப்பவரின் வழக்கறிஞருக்கு உள்ளே இடமில்லை. அரசு வழக்கறிஞர் காட்டும் சான்றையே குழுவினர் காண்பதால், அவர் கேட்பதற்கெல்லாம் இசைந்துவிடுகின்றனர் என்ற குறைகூறல் அந்நாட்டிலேயே உண்டு. தாயகமாகிய இங்கிலாந்தோ 1933இல் அம்முறையைப் பெரும்பாலும் கைவிட்டு, 1948இல் முற்றிலும் நீக்கிவிட்டது.

நம் நாட்டுக்கும் இக்குழு வந்திருந்தது என்பதைப் பலர் அறியார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் அது செயற்பட்டு, 1873இல் ஒழிக்கப்பட்டது. பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆங்கிலேயர் பேராக்கினுள் அடியெடுத்து வைத்ததோ 1874 சனவரி 20ஆம் நாள். ஓராண்டு இடைவெளியில் பேராக் அம்முறையைக் காணாமலே போயிற்று. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து, காடழித்து, ரப்பர் கன்று நட்ட இம்மண்ணில், ஒருவன்மீது குற்றம் சாட்டுவதா வேண்டாவா என்று குடிமக்கள் கூடி ஆராய்ந்த காலம் ஒருபோதும் இருந்ததில்லை. அது தொடக்கம் முதலே அதிகாரிகளின் பொறுப்பாக இருந்தது. விசாரணைக்குத் துணைநின்ற ஜூரி முறையும் 1995 சனவரி 1 முதல் மலேசியாவில் நீக்கப்பட்டுவிட்டது.

அன்று நம் முன்னோர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றை நினைவுகூர்தல் தகும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அம்முறை நிலவிய காலத்தில், தவணை முடிவதற்குள் தோட்டத்தை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றமாக இருந்தது. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அது கணக்கு வழக்கு. தொழிலாளி மீறினால் அது குற்றம். நீதிமன்றம் என்றாலே தண்டனைக்குரிய இடம் என்ற அச்சம் நம்மவர் நெஞ்சில் இன்றும் தங்கியிருப்பதன் வேர் அங்கிருக்கின்றது என்றே கருதுகின்றேன்.

இன்று நிலைமை வேறு. ஒரு குற்றம் நிகழ்ந்தால் முதலில் எழுவது போலீஸ் ரிப்போர்ட். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 107ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவல் எழுத்தில் வடிக்கப்பட்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டப்பட்டு, அவரால் கையொப்பமிடப்பட வேண்டும். பாலாயில் தமிழிலோ தட்டுத்தடுமாறிய மலாயிலோ சொல்வது வேறாகவும், தாளில் ஏறுவது வேறாகவும் அமைந்துவிடக் கூடாது என்பதற்கே இவ்விதி. நம்மவருள் எத்துணைப் பேர் ‘படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்ட பின் கையொப்பமிடுகின்றனர்? கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மேஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அதற்கு மேலும் காவலில் வைத்து விசாரிக்க மேஜிஸ்திரேட்டின் ஆணை தேவை. பதினான்கு ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயின் முதலில் 4 நாளும் பின்னர் 3 நாளும், அதற்கு மேற்பட்ட கடுங்குற்றமாயின் 7 நாளும் மீண்டும் 7 நாளுமே அவ்வாறு வைக்கலாம்.

புலனாய்வு முடிந்தபின் கோப்பு துணை அரசு வழக்கறிஞரின் மேசைக்குச் செல்கின்றது. பழி குற்றச்சாட்டாக மாறும் வாயில் அம்மேசையே ஆகும். காவலர் கைது செய்யலாம்; அயலார் குறை கூறலாம்; நாளிதழ்கள் எழுதலாம். ஆயினும் குற்றம் சாட்டும் அதிகாரத்தை நம் அரசியலமைப்பின் 145ஆம் விதி சட்டத்துறைத் தலைவரிடமே ஒப்படைத்துள்ளது. வழக்கைத் தொடுக்கவும், நடத்தவும், கைவிடவும் அவர் தம் விருப்புரிமைப்படி முடிவு செய்யலாம். ஷரியா நீதிமன்றம் போன்ற சிலவே அதற்கு விலக்கு. அமெரிக்காவில் இருபத்து மூவர் அமர்ந்து ஆராயும் வினாவை, இங்கு ஓர் அலுவலகம் ஆராய்கின்றது. அரசின் சட்ட ஆலோசகராகவும் குற்றம் சாட்டுபவராகவும் ஒருவரே இருத்தல் தகுமா என்ற விவாதம் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது.

வாயிலைக் கடந்து வெளிவருவது யாது? ஒரு வாக்கியம். ஆம், குற்றச்சாட்டு என்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். மாணாக்கர்களுக்கு இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில், முதன்முதலாக ஒரு குற்றச்சாட்டுத் தாளைக் கையில் வாங்கிப் படித்தபொழுது எனக்கு வியப்பே மேலிட்டது. வினைச்சொல் ஒன்று உணர்த்தும் பொருள்கள் ஆறு என்று நன்னூல் வகுத்துள்ளதை நாம் கற்பிக்கின்றோம்: செய்த ஆள், பயன்பட்ட கருவி, நிகழ்ந்த இடம், தொழில், காலம், செயப்படுபொருள். நடைமுறைச் சட்டத்தொகுப்பும் கிட்டத்தட்ட இவற்றையே கேட்கின்றது. குற்றத்தின் பெயரும் சட்டப்பிரிவும் குறிக்கப்பட வேண்டும். காலமும் இடமும் யாருக்கு எதிராக அல்லது எப்பொருள் குறித்து என்பதும் சொல்லப்பட வேண்டும். இவை போதாவிடின் செய்த முறையும் விளக்கப்பட வேண்டும். வெவ்வேறு குற்றமாயின் வெவ்வேறு குற்றச்சாட்டாக எழுத வேண்டும் என்பது பொதுவிதி. பவணந்தியாரின் நூற்பாவும் ஈப்போ நீதிமன்றத்தின் தாளும் ஒரே முறையை வேண்டி நிற்கின்றன. யார், எதை, எங்கே, எப்பொழுது, எவ்வாறு செய்தார் என்று சொல்ல இயலாதவருக்கு ‘செய்தார்’ என்று சொல்லும் உரிமையும் இல்லை.

அவ்வாக்கியத்தில் ஒரு சிறு சொல் எத்துணைப் பாரத்தைத் தாங்கி நிற்கும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். “வாத்தியாரய்யா, பையனைப் பிடிச்சிட்டாங்க. கோர்ட்டுக்குக் கொண்டு வர்றாங்களாம். நீங்க கூட வரணும்” என்றார். அவருடைய மகன் என்னிடம் பயின்றவன், பத்தொன்பது வயது, தொழிற்சாலையில் வேலை. நண்பன் ஒருவனிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான். அது களவு போன வண்டி.

அன்று காலை அந்த நீதிமன்றத்தில் வழக்குகள் மிகுதி. பெயர் அழைக்கப்படும், குற்றச்சாட்டு மலாயில் படிக்கப்படும், மொழிபெயர்ப்பாளர் சுருக்கமாக ஏதோ கூறுவார், கூண்டில் நிற்பவர் தலையசைப்பார். எம் பையனுக்கு முன் நின்ற இளைஞன் ஒருவன் இரண்டு நிமிடத்துள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுச் சென்றான். அவன் எதை ஒப்புக்கொண்டான் என்பது அவனுக்கு விளங்கியதா என்பதை நான் அறியேன். அடுத்து எம் பையன். திருட்டுப் பொருள் என்று அறிந்தும், அல்லது அவ்வாறு நம்புதற்குக் காரணம் இருந்தும், நேர்மையற்ற முறையில் அதனை வைத்திருந்தான் என்பது அவன்மீது சாட்டப்பட்ட குற்றம். மொழிபெயர்ப்பாளரோ, “திருட்டு மோட்டார் உன்கிட்ட இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாங்க, இருந்துச்சு” என்றான் பையன். உண்மையைத்தான் சொன்னான். வண்டி அவனிடம் இருந்தது.

ஆனால் குற்றம் ‘இருந்தது’ என்னும் பயனிலையில் இல்லை. ‘அறிந்தும்’ என்னும் எச்சத்தில் இருந்தது. அவ்வெச்சத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஏமாந்து பணம் கொடுத்த ஒருவனின் கதை. நல்வாய்ப்பாக, இலவசச் சட்ட உதவிக்கென அங்கு வந்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, குற்றச்சாட்டை முழுமையாக விளக்குமாறு வேண்டினார். சட்டத்தொகுப்பின் 173ஆம் பிரிவு அவர் பக்கம் நின்றது. குற்றச்சாட்டு படிக்கப்பட்டால் மட்டும் போதாது, விளக்கப்படவும் வேண்டும். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகக் கூறினாலும், அவ்வொப்புதலின் தன்மையையும் விளைவையும் அவர் உணர்ந்துள்ளாரா, தயக்கமின்றி முழுமையாக ஒப்புகின்றாரா என்பதை நீதிமன்றம் உறுதி செய்த பின்னரே அதனைப் பதிவு செய்தல் வேண்டும். மேஜிஸ்திரேட் இசைந்தார். இம்முறை சொல்லுக்குச் சொல் தமிழில் விளக்கப்பட்டது. பையன் முகம் மாறியது. “ஐயோ, திருட்டு வண்டின்னு எனக்குத் தெரியாதுங்க. காசு கொடுத்து வாங்கினேன்” என்றான். விசாரணை கோருவதாகப் பதிவாயிற்று.

பிணைத்தொகை திரட்டுவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் தொழிற்சாலை வேலை போய்விட்டது. பல மாதங்கள் கழித்து, அரசுத் தரப்பின் சான்று போதாது என்று அவன் எதிர்வாதத்துக்கு அழைக்கப்படாமலே விடுவிக்கப்பட்டான். இழந்தவை பல, ஆயினும் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய ஒரு கறை அவன்மேல் படியவில்லை. அவனுக்கு முன் நின்ற அந்த மற்றோர் இளைஞனை எண்ணும்போதே நெஞ்சு கனக்கின்றது.

குற்றச்சாட்டு இத்துணை அச்சம் தருவதாயின், அது இல்லாதிருப்பதே நன்றன்றோ என்று ஒருவர் கேட்கலாம். அன்று என்பதற்குப் பேராக் மண்ணே சான்று. 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேயத் துரைமார் கொல்லப்பட்டனர். அதையொட்டிப் பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் எவ்வித வழக்குமின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கின் வாக்கியம் மிகச் சுருங்கியது: ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே. அவசரகாலச் சட்டம் அதற்கே தூக்குத் தண்டனை விதித்தது. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் உயிர் பிரிந்தது.

அவசரகாலம் முடிந்த ஆண்டிலேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தைப்பிங்கை அடுத்த கமுண்டிங்கில் அதற்கெனத் தடுப்பு முகாம் அமைந்தது. உள்துறை அமைச்சரின் ஆணை ஒன்றினால் இரண்டாண்டு தடுத்து வைக்கலாம். அவ்வாணையை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். காரணங்கள் என்று ஒரு தாள் கைக்கு வரும். ஆயினும் அக்காரணங்களை நீதிமன்றத்தில் சான்று காட்டி நிறுவ வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் இயக்கத்தின் ஐவர் அங்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஒருவரான வழக்கறிஞர் மனோகரன், முகாமில் இருந்தவாறே 2008 பொதுத்தேர்தலில் சிலாங்கூர்ச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் மன்றம் தீர்ப்புரைத்தும் அவர் வெளிவர 2009 ஆயிற்று. அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளில் கமுண்டிங்கில் கிடந்தவர்கள் வேண்டி நின்றது விடுதலை மட்டுமன்று. ‘என்மீது குற்றம் இருப்பின் அதனைச் சாட்டுங்கள், மன்றத்தில் நிறுத்துங்கள்’ என்பதும் அவர்தம் கோரிக்கையாக இருந்தது. குற்றச்சாட்டு என்பது குடிமகனின் உரிமையும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வாக்கியம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஈப்போவை அடுத்த பப்பான் சிற்றூரில், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவம் செய்தார் சிபில் கார்த்திகேசு அம்மையார். 1943இல் அவரைப் பிடித்த ஜப்பானியர் கொடுமைப்படுத்தினர். அவர்மீது மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டன: பகைவரின் உளவாளிகளோடு ஒத்துழைத்தது, எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவமும் பிற உதவியும் அளித்தது, வானொலி வைத்திருந்து பகைநாட்டுச் செய்திகளைப் பரப்பியது. எண்ணிட்டுச் சாட்டப்பட்டன, ஈப்போவில் விசாரணையும் நடந்தது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. போர் முடிவால் விடுதலை பெற்றாரெனினும், பட்ட காயங்களின் விளைவாக 1948இல் மறைந்தார். சித்திரவதையால் பெற்ற சொற்களைக் கொண்டு எழுதப்படும் குற்றச்சாட்டு, இலக்கணப் பிழையின்றி அமைந்தாலும் அறப்பிழையாகவே நிற்கும். வடிவமும் வேண்டும், அதனுள் உண்மையும் வேண்டும்.

எழுதிய பேனாவே அடித்து நீக்கவும் வல்லது என்பதை அண்மைக் காலம் காட்டியுள்ளது. 2007 நவம்பர் 25ஆம் நாள் பத்துமலையில் நிகழ்ந்தவற்றை ஒட்டி, 31 பேர்மீது ஒரு காவலரைக் கொலை செய்ய முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. பிணையும் மறுக்கப்பட்டது. எழுவாய்கள் முப்பத்தொன்று, பயனிலை ஒன்று. ஒவ்வொருவரும் தனித்தனியே செய்தது யாது என்ற வினா நாடெங்கும் எழுந்தது. டிசம்பர் முடிவதற்குள் அக்கொலைமுயற்சிக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பின்னர் 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர் எனப் பன்னிருவர், அவருள் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள், சொஸ்மா எனப்படும் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். 2020 பிப்ரவரி 21ஆம் நாள் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ், குற்றத்தை மெய்ப்பித்துத் தண்டனை பெறுதற்குரிய நியாயமான வாய்ப்பில்லை என்று கூறி, பன்னிருவர்மீதிருந்த வழக்குகளையும் கைவிட்டார். அதற்குள் அவர்கள் சிறையில் ஏறத்தாழ நான்கு திங்கள் கழித்துவிட்டனர். தொடுக்கும்போது கேட்டிருக்க வேண்டிய வினாவைக் கைவிடும்போது கேட்பதால் ஏற்படும் இழப்பு, கோப்புகளில் பதிவாவதில்லை, குடும்பங்களில் பதிவாகின்றது.

நம் இளைஞரைப் பற்றி இன்று பேசப்படும் பேச்சுகளைக் கேட்கும்போது, பொற்கொல்லனின் விரிவுரையே மீண்டும் நினைவுக்கு வருகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன, லயங்களை விட்டுப் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவின் புறநகர்க் குடியிருப்புகளில் வளர்கின்றனர். குண்டர் கும்பல் என்னும் ஒரு சொல்லை அவர்கள் அனைவர்மீதும் போர்த்திவிடுவது எளிது. அவருள் தவறிழைப்பவர் உண்டு. தவறிழைத்தவர் தண்டனை பெறுதலும் முறையே. ஆயினும் ஓர் இளைஞனின் நிறமும் முகவரியும் நண்பர் கூட்டமும் வாக்கியமாகமாட்டா. இன்னவன் இன்னது செய்தான் என்பதே வாக்கியம்.

இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். நிறைய உண்டு என்பேன். இன்றைய இளைஞர் மலாய் அறிவர். ஆனால் சந்தைமொழி வேறு, சட்டமொழி வேறு. பேசத் தெரிந்த மொழியில்கூட, ஒரு நீண்ட வாக்கியத்தைப் பகுத்து, அதில் தன்னைக் கட்டும் சொல் எது, விடுவிக்கும் சொல் எது என்று காணும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை இலக்கண வகுப்பில் நாம் அளிக்கலாம். புகார்க் கடிதம் எழுதும் கட்டுரைப் பாடத்தில், யார், எங்கே, எப்பொழுது என்ற வரிசையைப் பழக்கலாம். கையொப்பமிடுமுன் படித்துக் காட்டக் கேட்பதும், ரிப்போர்ட்டின் எண்ணையும் படியையும் பாதுகாப்பதும், சட்டம் கூறும் கடுங்குற்றங்களில் நான்கு வாரம் கழிந்தபின் புலனாய்வின் நிலையை எழுத்தில் வினவ உரிமை உண்டு என்பதும், 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கைதானவர்க்கு உதவி வருகின்றனர் என்பதும் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இவற்றைச் சொல்ல அரைமணி நேரம் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லும் துணிவை நாம் ஊட்ட வேண்டும். நம் வகுப்பறைகளில் விளங்காததை விளங்கவில்லை என்று கூறும் மாணவனை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? அவன் கூறியதைப் பொறுமையோடு கேட்டு மீண்டும் விளக்குவோமாயின், நாளை கூண்டில் நிற்க நேர்ந்தாலும் அவன் தலையசைத்துவிட்டு நிற்கமாட்டான். தன்னைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியத்தைத் தனக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பெறுவான். எழுவாய் தான்தானா, வினை தன்னுடையதுதானா, எச்சம் உண்மைதானா என்று ஆராய்ந்து, அதன்பின்னரே ஆம் என்றோ அன்று என்றோ விடை கூறுவான். கோவலனுக்குக் கிட்டாத அந்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் இருக்கின்றது. அதனைப் பயன்கொள்ளும் மொழியறிவை அளிப்பது நம் கடமை.